டயல் இல்லாத போனுக்கு டயல் போடலாமா? பள்ளத்தூர் வீட்டிலிருந்து இரண்டு கறுப்பு போன்கள்

பள்ளத்தூர் பேத்தி:

வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் ஐயா வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறோம். பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, தேக்குப் பெட்டி எல்லாவற்றுக்கும் கேட்க ஆள் இருந்தது. இரண்டாம் கட்டில் சாக்குக்குள் கிடந்த இரண்டு கறுப்பு போன்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்று டயல் வைத்தது. அடியில் ஐ.டி.ஐ. என்று போட்டிருக்கிறது. 1-ஆம் எண் துளையில் ஒரு குட்டிப் பூட்டு மாட்டியிருக்கிறது, சாவியைக் காணோம். இன்னொன்று அதைவிடப் பழசு போல இருக்கிறது, தூக்கினால் நல்ல கனம். அதில் டயல் இருக்க வேண்டிய இடத்தை ஒரு வட்டத் தட்டு மூடியிருக்கிறது.

காரைக்குடியில் ஒரு கடையில் காட்டினேன். "டயல் கழண்டு போச்சு ஆச்சி. நம்மகிட்ட டயல் இருக்கு, போட்டு பாலிஷ் அடிச்சுக் கொடுத்துடுறேன், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்கள். கொடுக்கலாமா? இதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை மணி:

கொடுக்காதீர்கள். முதலில் அடிப்பக்கம், பின்பக்கம், வயர் போகும் இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். துணி கூட வைத்துத் துடைக்க வேண்டாம்.

பழைய லைன்மேன்:

தங்கச்சி, அந்த போனில் டயல் கழண்டு போகவில்லை. அதில் டயல் இருந்ததே இல்லை. டயல் இல்லாமலே செய்து, டயல் இல்லாமலே மாட்டிய போன் அது.

நான் தபால் தந்தி இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து மெக்கானிக்காக ஓய்வு பெற்றவன். சொல்கிறேன், கேளுங்கள். ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வரும் வரைக்கும் ஊருக்குள் பக்கத்து வீட்டுக்குப் பேசுவதாக இருந்தாலும் ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். எண்ணைச் சுழற்ற வேண்டிய வேலையே சந்தாதாரருக்குக் கிடையாது. அந்தக் காலத்து போனில் டயலுக்கான ஓட்டையைத் தட்டு போட்டு மூடித்தான் கொடுத்தார்கள்.

இதிலும் இரண்டு வகை உண்டு. பெரிய ஊர்களில் பேசுவதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். ரிசீவரை எடுத்தால் போதும், அங்கே ஆபரேட்டர் பலகையில் ஒரு விளக்கு எரியும். சின்ன ஊர்களில் அப்படி இல்லை. சந்தாதாரர் வீட்டிலேயே பேட்டரி இருக்கும். ஆபரேட்டரைக் கூப்பிடக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மேக்னெட்டோ போன் என்போம்.

உங்கள் போனின் வலது பக்கம் பாருங்கள். ஒரு துளையோ, துருத்திக்கொண்டிருக்கும் சின்ன இரும்புத் தண்டோ தெரிகிறதா? அடித்தட்டைக் கழற்ற முடிந்தால் உள்ளே குதிரைலாடம் போல வளைந்த காந்தங்கள் வரிசையாக இருக்கின்றனவா பாருங்கள். கனம் என்று சொன்னீர்களே, அதை வைத்துத்தான் கேட்கிறேன்.

பெங்களூர் கோட்டையூரான்:

லைன்மேன் ஐயா சொன்னதோடு உருவத்தைப் பற்றியும் கொஞ்சம் சேர்க்கிறேன். சரிந்த தோள், மேலே குறுக்காகப் படுத்திருக்கும் ரிசீவர் என்று நாமெல்லாம் 'பழைய போன்' என்றதும் நினைக்கிற கறுப்பு உருவம் 1930-களின் தொடக்கத்தில் எரிக்சன் நிறுவனத்துக்காக வரையப்பட்டது. வரைந்தவர் ஜான் ஹெய்பெர்க் என்ற நார்வே நாட்டு ஓவியர். பிரிட்டிஷ் தபால் துறை அதே சாயலில் 1937-இல் 332 என்ற மாடலைக் கொண்டுவந்தது. நம் ஊருக்கு அந்தச் சாயல் பிரிட்டிஷ் வழியாக வந்தது. 1948-இல் பெங்களூரில் ஐ.டி.ஐ., அதாவது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை தொடங்கியபோது தொழில்நுட்பம் கொடுத்தது லிவர்பூலில் தொழிற்சாலை வைத்திருந்த ஆட்டோமேட்டிக் டெலிபோன் அண்டு எலக்ட்ரிக் நிறுவனம்.

இதை வைத்து ஒரு கதையைச் சுலபமாகச் சோதிக்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கறுப்பு போன் எதைக் கேட்டாலும் "இது பர்மாவிலிருந்து செட்டியார் கொண்டுவந்தது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அடியில் ஐ.டி.ஐ. என்று இருந்தால் அது 1948-க்குப் பிறகு பெங்களூரில் செய்தது. போருக்கு முந்தைய ரங்கூன் வட்டிக்கடையில் அது இருந்திருக்க வழியே இல்லை. ஜப்பான் படை வந்த 1942-இல் காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தைக் கூட விட்டுவிட்டு வந்தார்கள். நம் மக்கள் பர்மாவில் இழந்தது பெரிய இழப்பு. அந்தப் பெயரை விலை ஏற்றுவதற்குப் பயன்படுத்துவது எனக்கு வலிக்கிறது.

பிரிட்டனில் செய்ததாக இருந்தால் அடியிலோ உள்ளேயோ தயாரிப்பாளருக்கான எழுத்தும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் அச்சாகியிருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

பினாங்கு பேரன்:

கோட்டையூரான் அண்ணே, நீங்கள் சொல்வது சரி. ஆனால் கடல் தாண்டிய தொடர்பே போன்களுக்கு இல்லை என்று ஆகிவிடக் கூடாது. 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். அடுத்து பினாங்கு. அப்படி நான்கு ஊரில் கணக்கு வைத்திருந்தவர்களுக்குக் கடிதமும் தந்தியும்தான் உயிர். போன் ஊருக்குள்ளும் சென்னைக்கும் பேசத்தான். எங்கள் வீட்டில் தந்திக் காகிதங்களைக் கம்பியில் குத்தி அடுக்கியே வைத்திருந்தார்கள். போன் சேகரிப்பவர்கள் அந்தத் தந்திகளையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த வீட்டில் செய்தி எப்படி வந்து போனது என்று தெரியும்.

பள்ளத்தூர் பேத்தி:

லைன்மேன் ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது! வலது பக்கம் துளை இருக்கிறது, அதை ஒரு கறுப்பு மூடி அடைத்திருந்தது. அடித்தட்டின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் கழற்றினேன். உள்ளே காந்தங்கள் இருக்கின்றன. பழைய கரையான் மண், பல்லி முட்டைத் தோடு எல்லாமும் இருந்தது. கைப்பிடி மட்டும் இல்லை. சாக்கை உதறியபோது அதுவும் விழுந்தது, மரக் குமிழோடு.

அடித்தட்டில் சொரசொரவென்று ஏதோ கீறியிருக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எங்கள் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் முதலெழுத்துகள். பாத்திரங்களில் வெட்டியிருக்கும் அதே எழுத்துகள்.

பழைய லைன்மேன்:

அருமை. கைப்பிடியைப் பொருத்திச் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் எச்சரிக்கை: சுற்றும்போது உள்ளே இருக்கும் திருகு முனைகளைத் தொடாதீர்கள். வேகமாகச் சுற்றினால் எழுபது எண்பது வோல்ட்டுக்கு மேல் வரும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

விலாசம் கீறியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். கருவி இலாகாவின் சொத்து. சந்தாதாரர் வாடகை கட்டித்தான் வைத்திருந்தார். இணைப்பை ஒப்படைத்தால் கருவியையும் நாங்கள் எடுத்துப் போவோம். அதனால்தான் பழைய மேக்னெட்டோ போன்கள் வீடுகளில் அவ்வளவாக மிஞ்சவில்லை. உங்கள் வீட்டில் இது தங்கியதற்கு ஏதாவது காரணம் இருக்கும். முகப்புக்கும் உள்கட்டுக்கும் சொந்தமாக லைன் போட்டுக்கொண்ட பெரிய வீடுகள் உண்டு. இரண்டு மேக்னெட்டோ போன், இரண்டு கம்பி, ஆளுக்கு இரண்டு பேட்டரி செல் இருந்தால் எக்ஸ்சேஞ்சே வேண்டாம், ஒன்றைச் சுற்றினால் மற்றது அடிக்கும். சொந்தமாக வாங்கிய கருவியாக இருந்தால் விலாசம் வெட்டியதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் இதற்கு ஒரு ஜோடி இருந்திருக்க வேண்டும். உள்கட்டு மரச் சட்டத்தில் வயர் போன ஆணித் தடம் இருக்கிறதா, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜாக்போர்டு அக்கா:

பேத்தி, உன் போனைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பலகை மேக்னெட்டோ பலகைதான்.

நீங்கள் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் பலகையில் உங்கள் எண்ணுக்கு மேலே ஒரு குட்டித் தகடு 'டக்'கென்று கீழே விழும். கயிறு மாதிரி வயர் இருக்கும், அதன் முனையில் பித்தளைக் குச்சி. அதை உங்கள் துளையில் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். பாதிப் பேர் எண் சொல்ல மாட்டார்கள். "பெரிய வீட்டுக்குப் போடும்மா", "மில்லுக்குப் போடு" என்பார்கள். எங்களுக்குத் தெரியும். பேசி முடித்ததும் ஒரு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும், அப்போதுதான் வயரை உருவுவோம். பலர் சுற்றாமலே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால் தனி. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று. லைட்னிங் என்றால் பல மடங்கு காசு, அதனால் அது பதிவானாலே ஏதோ வீட்டில் நடந்துவிட்டது என்று மனசு திக்கென்று ஆகும். மூன்று நிமிஷம் ஒரு கணக்கு. ஆளைக் குறிப்பிட்டுக் கூப்பிடுவது பி.பி. கால், 'பர்ட்டிகுலர் பெர்சன்' என்பதன் சுருக்கம். பிற்பாடு போன் இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து 'பி.பி.' என்று பத்திரிகையில் போட்டார்களே, அது இங்கிருந்து வந்ததுதான். அந்தப் பக்கத்து வீட்டு ஆச்சி அடுப்பில் வேலையை விட்டுவிட்டு வளவு தாண்டி வந்து ஆளைக் கூப்பிடுவார்.

அந்த போனுக்கு டயல் போட்டால், அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்களை எடுத்துவிட்ட மாதிரி ஆகும் அம்மா. அப்படியே வை.

கானாடுகாத்தான் விருந்து:

நான் வேறு பக்கம் நின்று பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றைத் தங்குமிடமாக நடத்துகிறேன். விருந்தினர் வந்ததும் முதலில் கை வைப்பது டயல் போனில்தான். பிள்ளைகள் சுழற்றிப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். டயல் இல்லாத போனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டயல் போட்டதால்தான் எத்தனையோ போன்கள் காயலான் கடைக்குப் போகாமல் தப்பின. கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது சரியா? வாங்குபவர் கேட்பதைத்தானே அவர்கள் செய்கிறார்கள். பேசாத, அடிக்காத போனை அலமாரியில் வைத்து யாருக்கு என்ன பயன்?

பெங்களூர் கோட்டையூரான்:

உங்கள் வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். போன் வேலை செய்ய வேண்டும், பிள்ளைகள் கை படவேண்டும். ஆனால் பேத்தியிடம் இரண்டு போன் இருக்கிறது. டயல் வைத்ததை ஓட வைக்கட்டும், பிள்ளைகள் அதைச் சுழற்றட்டும். பழையதைப் பழையதாக விடட்டும்.

நம் பகுதியில் சுழல் டயல் போன் இன்னும் நிறையக் கிடைக்கிறது. டயல் இல்லாத போன்தான் குறைந்துகொண்டே வருகிறது, காரணம் ஒவ்வொன்றுக்கும் டயல் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறோம். இன்னும் கொஞ்ச காலத்தில் செட்டிநாட்டுக் கிராமங்களில் எல்லோர் வீட்டிலும் முதலிலிருந்தே டயல் இருந்தது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு ஊருக்கு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்ததற்கு அந்த வீட்டில் மிஞ்சும் சாட்சியம் இந்த இரண்டு போனும் சேர்ந்து இருப்பதுதான். ஒன்றில் தட்டு, ஒன்றில் டயல். தனித்தனியாகப் பிரித்தாலும் கதை போய்விடும், டயல் போட்டாலும் போய்விடும்.

புதிதாகச் செய்து பழசு என்று விற்கும் பித்தளையும் மரமும் கலந்த அலங்கார போன்களை விருந்தினர் அறையில் தாராளமாக வையுங்கள். அவற்றில் என்ன மாற்றினாலும் நஷ்டமில்லை.

கானாடுகாத்தான் விருந்து:

இரண்டையும் சேர்த்து வைப்பது என்பதை நான் யோசித்ததில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு போன் மட்டும் கிடைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மதுரை மணி:

ஒரு போன் மட்டும் இருந்தால், டயல் போட்டே ஆக வேண்டும் என்றால், பழைய தட்டையும் அதன் திருகுகளையும் ஒரு உறையில் போட்டு போனுக்குள்ளேயே வையுங்கள். எதையும் வெட்டாமல், துளை போடாமல் பொருத்துங்கள். திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றம் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

பள்ளத்தூர் பேத்தி:

முடிவு செய்துவிட்டேன், பழையதில் டயல் போடப் போவதில்லை. சுத்தம் மட்டும். ஐ.டி.ஐ. போனை ஓட வைக்க ஆசை. டயல் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்புகிறது. பூட்டை உடைக்கவா? சுத்தம் செய்ய என்ன போடலாம்? வீட்டில் பித்தளைக்குப் போடும் புளியையே போடலாமா?

சிக்ரி ரோடு:

புளி வேண்டவே வேண்டாம். உலோகப் பூச்சு வேலையில் பல வருஷம் இருந்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அண்டாவுக்குப் புளி சரி, தேய்த்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறோம். போனின் மணிக் கிண்ணத்துக்கும் திருகுக்கும் இடையில் புளியின் அமிலம் போய் உட்கார்ந்தால் கழுவ வழியில்லை. கொஞ்ச நாளில் அங்கே பச்சையாகப் பூக்கும். மணிக் கிண்ணத்தைத் தனியாகக் கழற்ற முடிந்தால் மட்டும் மென்மையான பாலிஷ் போடலாம். விரல் தட்டின் பூச்சு தேய்ந்திருந்தால் அப்படியே விடுங்கள், அது ஐயாவின் விரல் பட்டுத் தேய்ந்த இடம். துரு உள்ளே இறங்கியிருந்தால்தான் மறுபூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும். மின்வேதியியலுக்கென்றே 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் இருக்கிறது. பூச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை, விசாரித்துக் கொடுங்கள்.

உடல் பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பொருளா, பிற்காலப் பிளாஸ்டிக்கா என்று முதலில் பாருங்கள். கட்டை விரலால் ஒரே இடத்தில் சூடு ஏறும்வரை தேய்த்து மோந்து பாருங்கள். பினாயில் சாயலில் வாடை வந்தால் பேக்கலைட். 1907-இல் பேக்கலாண்ட் கண்டுபிடித்ததே பீனாலிலிருந்துதான். ஈரத்துணியும் ஒரு சொட்டு சோப்பும் போதும். ஊறப் போடாதீர்கள், கொதிநீர் கூடாது, வெயிலில் காயவைக்கக் கூடாது. மேல் பளபளப்புத் தோல் ஒரு முறை போனால் திரும்ப வராது. பிளாஸ்டிக்காக இருந்தால் தின்னர், நெயில் பாலிஷ் அழிப்பான் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், உருகிவிடும்.

பழைய லைன்மேன்:

டயலுக்கு வருவோம். தேங்காய் எண்ணெய், சைக்கிள் எண்ணெய், ஸ்பிரே எதுவும் அடிக்காதீர்கள். மெதுவாகத் திரும்புகிறது என்றால் பழைய எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. செம்மண் தூசி ஒருமுறை ஏறினால் லேசில் போகாது. டயலைக் கழற்றி, பின்பக்கப் பல்சக்கரங்களை வெள்ளைப் பெட்ரோலில் நனைத்த சின்ன பிரஷ்ஷால் கழுவுங்கள், அடுப்பு பக்கத்தில் இல்லாமல். நன்றாகக் காய்ந்ததும் கடிகாரக்காரர் வைத்திருக்கும் எண்ணெயை ஊசி முனையில் எடுத்து அச்சு முனைகளில் மட்டும் வையுங்கள்.

கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. சின்னக் கிண்ணம், அதற்குள் இரண்டு எடைகள் சுற்றும். வேகம் கூடினால் எடைகள் விரிந்து கிண்ணத்தில் உரசி வேகத்தை அடக்கும். அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு பொட்டு எண்ணெய் கூடப் போகக் கூடாது. போனால் உரசல் குறைந்து டயல் தலைதெறிக்க ஓடும்.

வேகம் சரியா என்று பார்க்க நாங்கள் தனிக் கருவி வைத்திருந்தோம். உங்களுக்கு செல்போன் போதும். 0 சுழற்றிவிட்டு, அது திரும்பும் சத்தத்தைப் பதிவு செய்து அலையாகக் காட்டும் ஆப்பில் பாருங்கள். 0 என்பது பத்துத் துடிப்பு. ஒரு விநாடிக்குப் பத்து என்ற கணக்கில் வரவேண்டும். ஒவ்வொரு துடிப்பிலும் லைன் மூன்றில் இரண்டு பங்கு நேரம் அறுந்தும், ஒரு பங்கு நேரம் சேர்ந்தும் இருக்கும். ஸ்ட்ரௌஜர் என்ற பழைய வகை ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்சில் அந்தத் துடிப்புக்கு ஏற்பத்தான் லைனைத் தேடும் செலக்டர் படிப்படியாக மேலே ஏறும், அப்புறம் பக்கவாட்டில் சுற்றும். டயல் தாறுமாறாக ஓடினால் ராங் நம்பர்தான்.

தொடுமுனைகளை உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். விசிட்டிங் கார்டை நீளமாக வெட்டி நடுவில் விட்டு இழுங்கள், அழுக்கு கார்டில் வந்துவிடும்.

பூட்டை உடைக்க வேண்டாம், அதுவும் வரலாறுதான். பூட்டுக்காரரிடம் கொடுத்தால் திறந்து சாவி செய்து தருவார். அந்தப் பூட்டு இருந்த வீடுகளில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரிசீவர் வைக்கும் இடத்துப் பொத்தானைத் தட்டியே பேசினார்கள். 5 வேண்டுமென்றால் டக்டக்கென்று ஐந்து தட்டு, கொஞ்சம் நிறுத்தி அடுத்த எண். டயலும் லைனை அறுத்துச் சேர்க்கிறது, பொத்தானும் அதையே செய்கிறது. எக்ஸ்சேஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது. மாத பில் பார்த்துச் செட்டியார் எங்களிடம் புகார் கொடுப்பார், நாங்கள் பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

ஜாக்போர்டு அக்கா:

பேத்தி, டயலைக் கழற்றும்போது நடுவில் இருக்கும் எண் அட்டையைக் கவனமாக எடு. எண் மாறும்போது புது அட்டையைப் பழையதன் மேலேயே வைத்துவிடுவது வழக்கம். கீழே என்ன இருக்கிறது என்று பார்.

பள்ளத்தூர் பேத்தி:

அக்கா! மேலே இருந்த அட்டையில் டைப் அடித்த எண். அதற்குக் கீழே பென்சிலால் எழுதிய மூன்று இலக்க எண். கையெழுத்து கணக்கப்பிள்ளையுடையது என்று அப்பச்சி சொல்கிறார், பழைய பேரேட்டில் அதே எழுத்து இருக்கிறது. பூட்டும் திறந்துவிட்டது. டயல் இப்போது சீராக ஓடுகிறது, அலையில் எண்ணிப் பார்த்தேன், பத்தும் ஒரு விநாடிக்குள் உட்காருகிறது.

ஜோடி போன் பற்றியும் கேட்டேன். உள்கட்டில் ஆயா அறை வாசலில் இன்னொன்று இருந்ததாம். முகப்புத் திண்ணையில் ஆள் வந்தால் சுற்றுவார்களாம். அது இன்னொரு பங்காளி வீட்டில் இருக்கலாம் என்கிறார்கள்.

பினாங்கு பேரன்:

அந்த மூன்று இலக்க எண் தங்கம். இப்போது காரைக்குடிக்கு 04565-க்குப் பின் ஆறு இலக்கம். எண் எந்தக் காலத்தில் எத்தனை இலக்கமாக இருந்தது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஆதாரம் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கடை லெட்டர் பேட், ரசீது, காலண்டர் அட்டை எல்லாவற்றிலும் 'போன்' என்று போட்டிருப்பார்கள், பக்கத்திலேயே தேதியும் இருக்கும். அறுபதாம் கல்யாண மலர்களிலும் பாருங்கள். இந்த இழையில் எல்லோரும் ஊர், வருஷம், எண் மூன்றை மட்டும் போட்டுக்கொண்டே வந்தால் எந்த ஊருக்கு எப்போது என்ன வந்தது என்று ஒரு வரிசை கிடைக்கும். இன்றும் உபயோகத்தில் இருக்கும் எண்ணைப் போட வேண்டாம்.

மதுரை மணி:

ஐ.டி.ஐ. போனை லைனில் மாட்டும் முன் உள்ளே இருக்கும் கண்டென்சரை (மின்தேக்கியை) சோதியுங்கள். காகிதக் கண்டென்சர் வயதானால் கசியும், அப்போது ரிசீவர் கீழே இருந்தாலும் எடுத்த மாதிரியே எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும், யார் கூப்பிட்டாலும் எங்கேஜ். குரல் கரகரத்தால் பயப்பட வேண்டாம். மைக்கில் இருப்பது கரித்துகள், வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தால் இறுகிவிடும். மைக்கைக் கழற்றி உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று. இப்போது வீடுகளுக்கு வரும் பைபர் பெட்டிகளில் பல, டயலின் துடிப்பைப் புரிந்துகொள்ளாது. அழைப்பு வரும், மணி அடிக்கும், பேசலாம், இங்கிருந்து எண் சுழற்றினால் ஒன்றும் நடக்காது. இடையில் துடிப்பை டோனாக மாற்றும் சின்னக் கருவி வைக்க வேண்டும், அல்லது துடிப்பு புரிகிற ஏ.டி.ஏ. பெட்டி (பழைய போனை இணைய இணைப்பில் மாட்டும் பெட்டி) வாங்க வேண்டும். வாங்கும் முன் 'பல்ஸ் டயலிங் உண்டா' என்று கேட்டுவிடுங்கள்.

பழைய லைன்மேன்:

பேத்தி, பைபர் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கண்டென்சர் நல்லதாக இருந்தால், மேக்னெட்டோ போனின் இரண்டு லைன் முனைகளையும் ஐ.டி.ஐ. போனின் இரண்டு லைன் முனைகளையும் கம்பியால் சேருங்கள். வேறு எதிலும் இணைத்திருக்கக் கூடாது, சுவர் லைனில் கண்டிப்பாகக் கூடாது. ஐ.டி.ஐ. ரிசீவரை எடுக்காமல் போன் மேலேயே வைத்திருங்கள். கைப்பிடியைச் சுற்றுங்கள். பேச முடியாது, அதற்கு பேட்டரி வேண்டும். மணி அடிக்க வேண்டும்.

பள்ளத்தூர் பேத்தி:

அடித்தது ஐயா! வீடே கூடிவிட்டது. அப்பச்சி கைப்பிடியை விடவே இல்லை. பேட்டரிச் சுற்றை எப்படிப் போடுவது என்று சொல்லுங்கள். அந்த ஜோடி போனையும் பங்காளி வீட்டில் பார்த்துவிட்டோம், பரணில் இருக்கிறது, தர மாட்டேன் என்கிறார்கள். தர வேண்டாம், டயல் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லி இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

பினாங்கு பேரன் கேட்டதற்கு முதல் பதிவு நான் போடுகிறேன். பள்ளத்தூர், எங்கள் அத்தை கல்யாணப் பத்திரிகை, 1974, போன்: மூன்று இலக்கம், பென்சில் அட்டையில் இருந்த அதே எண். அடுத்து கொத்தமங்கலத்துக்காரர்கள் யாராவது போடுங்கள்.